எக்ஸ்-கதிரை மட்டும் வைத்து இது கருந்துளை, இது நியூட்ரான் நட்சத்திரம் என்று சொல்லிவிட முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: விண்மீன் அளவு நிறையுள்ள கருந்துளையும் சரி, நியூட்ரான் நட்சத்திரமும் சரி, எந்தத் தொலைநோக்கியிலும் உருவம் தெரியாத அளவுக்குச் சின்னவை. இரண்டிலும் நமக்கு வரும் எக்ஸ்-கதிரில் பெரும்பகுதி பக்கத்து விண்மீனிலிருந்து உருவப்பட்டு உள்ளே விழும் வாயுவிலிருந்து வருகிறது. வாயு ஒன்றேதான் என்றால், நடுவில் இருப்பது எது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? என்னென்ன அடையாளங்கள் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கேள்விக்கு உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன்: கருந்துளைக்கென்று தனியாக ஒரு முத்திரை உண்டா, அல்லது மற்றதெல்லாம் இல்லை என்பதால் அதைக் கருந்துளை என்கிறோமா? இந்த மாதிரி ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகளின், அதாவது எக்ஸ்-கதிர் இரட்டைகளின் ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நியூட்ரான் நட்சத்திரத்தை எக்ஸ்-கதிரால் நிரூபிக்கலாம், சில சமயம் அரை நிமிடத் தரவே போதும். கருந்துளையை அப்படி நிரூபிக்க முடியாது. அங்கே எக்ஸ்-கதிர் சந்தேகத்தை வலுப்படுத்தும், தீர்ப்பு வேறு இடத்திலிருந்து வரும்.

இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது என்றால், ஒன்றுக்குத் தரை இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. நியூட்ரான் நட்சத்திரம் சூரியனைப் போல ஒன்றரை மடங்கு நிறையைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடைத்து வைத்திருக்கும் ஒரு கோளம், அதற்கு மேற்பரப்பு உண்டு, காந்தப்புலம் உண்டு, சுழற்சி உண்டு. கருந்துளைக்கு நிகழ்வெல்லை மட்டும்தான், அதைத் தாண்டிய வாயு எந்தச் சத்தமும் இல்லாமல் காணாமல் போகும். ஆக நாம் தேடும் ஒவ்வொரு அடையாளமும் கடைசியில் ஒரே கேள்விதான்: விழுந்த பொருள் எதிலாவது மோதியதா?

மோதியது என்பதற்கு நான் முதலிடம் கொடுக்கும் சாட்சி எக்ஸ்-கதிர் வெடிப்பு, முதல் வகை வெடிப்பு என்று சொல்வார்கள். 1975ல் ஏஎன்எஸ் செயற்கைக்கோளின் தரவில்தான் இது முதலில் கவனிக்கப்பட்டது. மேற்பரப்பில் ஹைட்ரஜனும் ஹீலியமும் மணிக்கணக்கில் படிந்துகொண்டே போகும், சில மீட்டர் ஆழம் சேர்ந்ததும் அடியில் அழுத்தமும் வெப்பமும் தாங்க முடியாமல் அணுக்கரு இணைவு சட்டென்று பற்றிக்கொண்டு நட்சத்திரம் முழுக்கப் பரவும். ஓரிரண்டு நொடியில் பிரகாசம் பல மடங்கு ஏறும், பிறகு பத்து நொடி, அரை நிமிடம் என்று மெதுவாக இறங்கும். இறங்கும்போது நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி வருகிறது என்பதைப் பார்த்தால் இரண்டு மூன்று கோடி டிகிரியிலிருந்து குளிர்ந்துகொண்டே வரும் ஒரு பரப்பு தெரியும், தூரம் தெரிந்திருந்தால் அந்தப் பரப்பின் அளவையும் கணக்கிடலாம். கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் ஆரம் வரும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தரை இல்லாத இடத்தில் எரிபொருள் குவிய முடியாது, குவியாமல் பற்றவும் முடியாது. நம் பால்வீதியில் இப்படி வெடிக்கும் மூலங்கள் நூற்றுக்கும் மேல் தெரியும். நிறை அளந்து கருந்துளை என்று உறுதியான ஒன்றில்கூட இதுவரை இந்த வெடிப்பு கண்டதில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திடீரென்று பிரகாசம் ஏறுவதெல்லாம் இந்த வெடிப்பு ஆகாது. வாயு சீராக விழாமல் விட்டு விட்டு விழுந்தாலும் வெடிப்பு போலவே தெரியும், அதை இரண்டாம் வகை என்பார்கள், 'ரேபிட் பர்ஸ்டர்' என்ற மூலம் அதற்குப் பேர்போனது. வித்தியாசம் குளிர்ச்சியில் இருக்கிறது: இறங்கும்போது நிறமாலை தெளிவாகக் குளிர்ந்தால் அது மேற்பரப்பு, குளிரவில்லை என்றால் வாயு விழுந்த விதம். இன்னொரு சோதனையும் உண்டு. ஹைட்ரஜனோ ஹீலியமோ எரிவதில் கிடைக்கும் ஆற்றலைவிட அதே பொருள் ஈர்ப்பில் விழுவதால் கிடைக்கும் ஆற்றல் பல பத்து மடங்கு அதிகம், அதனால் வெடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் வந்த மொத்த ஆற்றலை ஒரு வெடிப்பின் ஆற்றலால் வகுத்தால் நாற்பது, நூறு என்கிற மாதிரி எண் வர வேண்டும். ரேபிட் பர்ஸ்டரின் இரண்டாம் வகை வெடிப்புகளில் அந்தக் கணக்கு சுத்தமாக ஒத்துவராது.

அடுத்த சாட்சி துடிப்பு. காந்தப்புலம் பலமாக இருந்தால் வாயு துருவங்களுக்கு வழிநடத்தப்பட்டு அங்கே சூடான புள்ளிகள் உண்டாகும், நட்சத்திரம் சுழலச் சுழல அந்தப் புள்ளி வந்து வந்து போகும், கடிகாரம் மாதிரித் துடிப்பு கிடைக்கும். 1971ல் உஹுரு செயற்கைக்கோள் சென்டாரஸ் எக்ஸ்-3ல் 4.8 நொடித் துடிப்பைப் பிடித்தது. 1998ல் எஸ்ஏஎக்ஸ் ஜே1808.4-3658 என்ற மூலம் நொடிக்கு 401 முறை துடிப்பது தெரிந்தது. கருந்துளையில் இப்படி ஒரு இடத்தில் நிலையாக ஒட்டிக்கொண்டிருக்கும் சூடான புள்ளி சாத்தியமில்லை, ஒட்ட ஒரு பரப்பு வேண்டும் அல்லவா. உள்ளே விழும் வாயு மையத்தைச் சுற்றி ஒரு வட்டாகச் சுழலும், அந்த வட்டில் சுற்றும் வாயுக் கட்டி ஒன்று தோராயமான லயத்தைக் காட்டலாம், ஆனால் அது சில சுற்றுகளில் கலைந்துவிடும். மாதக்கணக்கில் தாளம் தவறாமல் நிற்கும் துடிப்பு என்றால் நியூட்ரான் நட்சத்திரம்தான் (சில சமயம் மெதுவாகச் சுழலும் வெள்ளைக் குள்ளனாகவும், அதாவது சூரியன் மாதிரி விண்மீன் மடிந்தபின் மிஞ்சும் பொருளாகவும் இருக்கலாம், ஆனால் அது வேறு கதை, பிரகாசமே காட்டிக்கொடுத்துவிடும்). ஹெர்குலிஸ் எக்ஸ்-1ல் 1976ல் கண்ட சைக்ளோட்ரான் கோடும் இதே ரகம்தான்: காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் ஒளியை விழுங்குவதால் நிறமாலையில் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்-கதிர் ஆற்றலை அளக்கும் அலகு) பக்கத்தில் ஒரு பள்ளம், அது காந்தப்புலத்தின் அளவையே நேரடியாகச் சொல்லிவிடுகிறது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் அதோடு விவாதம் முடிந்தது.

சிக்கல், இவை கிடைக்காதபோது. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். துடிப்பும் வெடிப்பும் இல்லை என்றால் கருந்துளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சூரியனை விட்டுவிட்டால் பொதுவாக வானத்திலேயே அதிகப் பிரகாசமாக இருக்கும் எக்ஸ்-கதிர் மூலம் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1, 1962லேயே கண்டுபிடித்தது, இன்றுவரை அதில் உறுதியான துடிப்பும் இல்லை, முதல் வகை வெடிப்பும் இல்லை. ஆனாலும் அதை நியூட்ரான் நட்சத்திரம் என்றுதான் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். காந்தப்புலம் பலவீனமாக இருந்தால் வாயு துருவத்துக்குப் போகாமல் எங்கும் பரவும், துடிப்பு மங்கிவிடும். வாயு மிக வேகமாக விழுந்தால் எரிபொருள் குவிவதற்கு முன்பே சீராக எரிந்துவிடும், வெடிப்பு வராது. காந்தப்புலம் மிகப் பலமாக இருந்தாலும் துருவத்தின் சின்னப் பரப்பிலேயே எல்லாம் விழுந்து சீராக எரிவதால் வெடிப்பு வராது. அதாவது தரை இருந்தும் தரையின் அடையாளம் மறைந்துபோக நிறைய வழிகள் இருக்கின்றன.

இதை மறந்ததால் நடந்ததைப் பாருங்கள், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கருந்துளைக்கு நல்ல முதல் வேட்பாளர் சிக்னஸ் எக்ஸ்-1. அது நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஒழுங்கில்லாமல் துடிதுடித்ததால், இப்படி மினுங்குவதே கருந்துளையின் அடையாளம் என்று ஒரு எண்ணம் வந்தது. சர்சினஸ் எக்ஸ்-1 அதே மாதிரி மினுங்கியது, அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். 1980களின் நடுவில் எக்ஸோசாட் செயற்கைக்கோள் அதிலிருந்து முதல் வகை வெடிப்புகளைப் பதிவுசெய்தது, பட்டியலிலிருந்து பெயர் போனது. நிறமாலை மிக மென்மையாக, அதாவது குறைந்த ஆற்றலில் குவிந்து இருந்தால் கருந்துளை என்றார்கள், 4யு 0142+61 அப்படி இருந்தது. 1994ல் அதில் 8.7 நொடித் துடிப்பு தெரிந்தது, இன்று அதை மேக்னடார் என்கிறோம், மிகப் பலமான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரம். அதிக ஆற்றல் வரை நீளும் கடினமான நிறமாலையும் மினுங்கலும் சேர்ந்தால் கருந்துளை என்ற நம்பிக்கையில் ஜிஎஸ் 1826-24ஐச் சேர்த்தார்கள். பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் அதில் வெடிப்புகளைக் கண்டது, அதுவும் கடிகாரம் வைத்த மாதிரி சம இடைவெளியில், அதனால் இன்று வெடிப்பைப் படிப்பவர்களுக்கு அதுதான் பாடப் புத்தகம். கடைசியாக பிரகாசம்: ஒளியின் அழுத்தமே விழும் வாயுவைத் தள்ளிவிடும் என்று ஒரு எல்லை உண்டு, நியூட்ரான் நட்சத்திரத்துக்கான அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டினால் கருந்துளையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். எம்82 என்ற விண்மீன் மண்டலத்தில் அந்த எல்லையைச் சுமார் நூறு மடங்கு தாண்டும் ஒரு மூலத்தில் 2014ல் நூஸ்டார் செயற்கைக்கோள் 1.37 நொடித் துடிப்பைக் கண்டபோது அதுவும் சரிந்தது.

இந்த நான்கிலும் திருத்தம் ஒரே திசையில்தான் போனது: கருந்துளை என்று நினைத்தது நியூட்ரான் நட்சத்திரமாக மாறியது. எதிர்த்திசையில், உறுதியான வெடிப்போ துடிப்போ இருந்து பின்னால் கருந்துளையாக மாறிய ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை, இருக்கவும் முடியாது. இருப்பதை ஒரு முறை பார்த்தால் போதும். இல்லாததை எத்தனை முறை பார்த்தாலும் அடுத்த முறைக்கு இடம் இருக்கிறது.

அப்படியென்றால் சிக்னஸ் எக்ஸ்-1ஐ ஏன் நம்புகிறோம்? நிறை. நியூட்ரான் நட்சத்திரத்துக்கு நிறையில் ஒரு உச்சவரம்பு உண்டு, அதன் சரியான மதிப்பு உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு இறுக்கத்தைத் தாங்கும் என்பதைப் பொறுத்தது, அது இன்னும் முழுக்கத் தெரியாது. ஆனால் பொதுச் சார்பியலையும் ஒலி ஒளியைவிட வேகமாகப் போகாது என்பதையும் ஏற்றுக்கொண்டாலே சூரியனைப் போல 3 மடங்கு சொச்சத்துக்கு மேல் போக முடியாது என்று 1974லேயே காட்டிவிட்டார்கள். இதுவரை நன்றாக அளந்ததில் கனமான நியூட்ரான் நட்சத்திரங்கள் 2 மடங்கை ஒட்டி நிற்கின்றன. ஆக 5, 6 மடங்கு என்று வந்தால் பிரச்சினை தீர்ந்தது. அந்த அளவீடு பெரும்பாலும் எக்ஸ்-கதிரில் நடப்பதில்லை, சாதாரண ஒளியில் நடக்கிறது. துணை விண்மீன் கண்ணுக்குத் தெரியாத பொருளைச் சுற்றும்போது அதன் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகரும், அந்த வேகமும் சுற்றும் காலமும் தெரிந்தால் போதும், மறைந்திருக்கும் பொருளின் நிறைக்கு ஒரு கீழ்வரம்பு கிடைத்துவிடும். வி404 சிக்னியில் சுற்றுக்காலம் ஆறரை நாள், 1992ல் அளந்தபோது அந்தக் கீழ்வரம்பே 6 சூரிய நிறைக்கு மேல் வந்தது. துணை விண்மீனின் நிறையைப் பூஜ்யம் என்று வைத்தாலும், பாதையை எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. என் பார்வையில் இது சிக்னஸ் எக்ஸ்-1ஐவிட சுத்தமான வழக்கு, ஏனென்றால் அங்கே துணை ஒரு பிரம்மாண்டமான விண்மீன், தூரத்தையும் அதன் நிறையையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது. 2021ல் தூரத்தைத் திருத்தியதும் கருந்துளையின் நிறை சுமார் 15லிருந்து 21 சூரிய நிறைக்கு நகர்ந்தது. நகர்ந்தாலும் 3க்கு எங்கேயோ மேலேதான் இருக்கிறது, அதனால் முடிவு மாறவில்லை.

இதில் எக்ஸ்-கதிரின் பங்கு என்ன என்றால், எங்கே பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்வது. ஏ0620-00 என்ற மூலம் 1975ல் திடீரென்று பிரகாசித்து பின்னர் அடங்கியது, அடங்கிய பிறகுதான் வட்டின் ஒளி குறைந்து துணை விண்மீன் தெளிவாகத் தெரிந்தது, 1986ல் அதன் நிறையை அளந்தார்கள். பிரகாசிக்கும்போது கண்டுபிடித்து அடங்கிய பின் எடை போடும் இந்த முறையில்தான் பல கருந்துளைகள் உறுதியாயின.

இனி நடுத்தரமான அடையாளங்கள். தனியாகத் தீர்ப்பு சொல்ல இவற்றுக்குத் தகுதி இல்லை, சேர்ந்தால் பலமானவை. முதலாவது வேகம். பத்து சூரிய நிறைக் கருந்துளைக்கு வட்டின் உள்விளிம்பு, அது சுழலாமல் இருந்தால், மையத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் நின்றுவிடும், அங்கே வாயு நொடிக்கு 220 முறை சுற்றும். நியூட்ரான் நட்சத்திரத்துக்கு அதே கணக்கு நொடிக்குச் சுமார் 1500 முறை வரும். அதனால் மினுங்கலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்தால், கருந்துளையில் சில பத்து ஹெர்ட்சுக்கு மேல் எல்லாம் அடங்கிப்போகும், நியூட்ரான் நட்சத்திரத்தில் 500 ஹெர்ட்சைத் தாண்டியும் ஏதாவது இருக்கும். 1996லிருந்து ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோள் பல நியூட்ரான் நட்சத்திரங்களில் ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரட்டை முகடுகளைக் கண்டது, ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 உட்பட. அதை நியூட்ரான் நட்சத்திரம் என்று ஏற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கருந்துளைகளிலும் சில முகடுகள் உண்டு, ஜிஆர்ஓ ஜே1655-40ல் 300, 450 ஹெர்ட்சில் தெரிந்தன, ஆனால் அபூர்வம், மெல்லியவை. இந்த முகடுகள் எதனால் உண்டாகின்றன என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை, அதனால் நான் இதைச் சாட்சியாக எடுப்பேனே தவிர நிரூபணமாக எடுக்க மாட்டேன்.

இரண்டாவது நிறமாலை. கருந்துளை மென்மையான நிலையில் இருக்கும்போது வட்டின் வெப்ப ஒளி மட்டும் போதும் நிறமாலையை விளக்க, நியூட்ரான் நட்சத்திரத்தில் வாயு தரையில் மோதி நிற்கும் இடத்திலிருந்து இன்னொரு சூடான பகுதி சேர வேண்டியிருக்கும். கடினமான நிலையில், தரையிலிருந்து வரும் மென்மையான ஒளி மேலே சூழ்ந்த சூடான எலக்ட்ரான்களைக் குளிர்வித்துவிடுவதால் நியூட்ரான் நட்சத்திரங்களின் நிறமாலை பொதுவாகக் குறைந்த ஆற்றலிலேயே வளைந்து இறங்கும், கருந்துளைகளில் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையும் அதற்கு மேலும் நீளும். பொதுவாக என்பதை அழுத்திப் படியுங்கள், ஜிஎஸ் 1826-24 கதையைப் பார்த்துவிட்டோம். இரும்பு அணுக்களால் நிறமாலையில் வரும் அகலமான கோடு, மையத்தின் பக்கத்திலிருந்து பீய்ச்சியடிக்கும் ஜெட் இரண்டையும் கருந்துளை அடையாளமாக இன்றும் சிலர் எழுதுகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். இரண்டும் நியூட்ரான் நட்சத்திரங்களிலும் உண்டு. ஒரே எக்ஸ்-கதிர் பிரகாசத்தில் கருந்துளைகள் ரேடியோவில் அதிகம் பிரகாசிக்கின்றன என்பது உண்மை, ஆனால் சிதறல் பெரிது, அதிலும் ரேடியோவில் துடிக்கும் பல்சராகவும் வாயு விழுங்கியாகவும் மாறி மாறி இருக்கும் சில நியூட்ரான் நட்சத்திரங்கள் நடுவில் வந்து குழப்புகின்றன.

மூன்றாவது எனக்கு மிகவும் சுவாரசியமானது: அடங்கிய பின் எவ்வளவு மங்குகிறது என்பது. வாயு மிகக் குறைவாக விழும்போது அது தன் வெப்பத்தை வெளியிட நேரமில்லாமல் சுமந்துகொண்டே உள்ளே போகும். தரை இருந்தால் அந்த வெப்பம் மோதி வெளியே வந்தாக வேண்டும், இல்லையென்றால் வாயுவோடு சேர்ந்து தொலைந்துபோகும். ஒரே அளவு சுற்றுக்காலம் உள்ளவற்றை ஒப்பிட்டால், அடங்கிய கருந்துளைகள் அடங்கிய நியூட்ரான் நட்சத்திரங்களைவிட நூறு மடங்கு வரை மங்கலாக இருப்பதை 1990களின் இறுதியிலிருந்து, குறிப்பாக சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி வந்த பிறகு, காட்டியிருக்கிறார்கள். நிகழ்வெல்லைக்கு நேரடியான ஆதாரம் என்று இதைக் கொண்டாடினார்கள். கூட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் உண்மை. ஆனால் விளக்கம் அவ்வளவு சுத்தமில்லை. நியூட்ரான் நட்சத்திரத்தின் ஒளியில் ஒரு பங்கு அப்போது விழும் வாயுவால் வருவதல்ல, முன்பு விழுந்தது நட்சத்திரத்தின் மேலோட்டைச் சூடேற்றி வைத்த மிச்சம். கேஎஸ் 1731-260 பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பிரகாசித்து 2001ல் அடங்கிய பிறகு அதன் மேற்பரப்பு வருடக்கணக்கில் குளிர்ந்துகொண்டே வந்ததை அளந்திருக்கிறார்கள். இப்படிக் குளிரும் பரப்பு தெரிந்தால் அதுவும் தரைக்கு நல்ல சாட்சி. மறுபக்கம், கருந்துளையின் ஆற்றல் ஜெட்டில் வெளியேறியிருக்கலாம். அதோடு, மேலே சொன்ன 401 துடிப்பு மூலம் அடங்கியபின் மிக மங்கலாகிவிடுகிறது, வெப்பப் பரப்பே தெரிவதில்லை. ஆக மங்கல் என்பதால் மட்டும் ஒன்றைக் கருந்துளை என்று எழுத மாட்டேன்.

வெடிப்பு இல்லாததையே கருந்துளைக்கு ஆதாரமாக்க முடியாதா என்றால், ஒரு வழி இருக்கிறது, அது ஒரு தனி மூலத்துக்குப் பொருந்தாது, கூட்டத்துக்குத்தான் பொருந்தும். நிறை அளந்த கருந்துளைகளுக்குத் தரை இருந்திருந்தால் எந்தெந்த வேகத்தில் வாயு விழும்போது எத்தனை வெடிப்பு வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, நீண்டகாலத் தரவில் ஒன்றுகூட இல்லை என்று காட்டலாம், காட்டியும் இருக்கிறார்கள். இது எடை போட்ட முடிவைத் தனி வழியில் ஆதரிக்கிறது. இருந்தாலும் அது விலக்குவது சாதாரணப் பொருள் படியக்கூடிய தரையைத்தான். நிகழ்வெல்லைக்குப் பதில் வேறு ஏதோ விசித்திரமான பொருள் இருக்கிறது என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னால், எக்ஸ்-கதிரால் மட்டும் அவரை மறுக்க முடியாது. நாம் கருந்துளை என்று எழுதும்போது 'நியூட்ரான் நட்சத்திரமாக இருக்க முடியாத அளவு கனமான, தரையின் எந்த அறிகுறியும் காட்டாத பொருள்' என்பதைத்தான் எழுதுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் தீராத வழக்குகள் இருக்கின்றன. 4யு 1700-37 ஒரு பெரிய விண்மீனை 3.4 நாளில் சுற்றுகிறது. 2002ல் வந்த மதிப்பீடு 2.4 சூரிய நிறை, சரியாக அந்தச் சங்கடமான இடத்தில். பிறகு வந்த மதிப்பீடு 2க்கு அருகில் இறங்கியது. உறுதியான துடிப்பு இல்லை, வெடிப்பு இல்லை, ஆனால் நிறமாலை துடிக்கும் நியூட்ரான் நட்சத்திரங்களுடையதைப் போல இருக்கிறது, அதனால் நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். சிக்னஸ் எக்ஸ்-3 இன்னும் கஷ்டம். 4.8 மணி நேரத்தில் சுற்றும் துணை ஒரு வுல்ஃப்-ராயே விண்மீன், அதாவது தன் பொருளைப் பலத்த காற்றாக வீசிக்கொண்டிருக்கும் சூடான விண்மீன், அதன் கோடுகள் விண்மீனின் பரப்பிலிருந்து வராமல் அடர்ந்த காற்றிலிருந்து வருகின்றன, அந்தக் காற்றின் வேகத்தையும் சுற்றும் வேகத்தையும் பிரிப்பதே பெரும்பாடு. அங்கே கருந்துளை என்று பலர் நினைக்கிறார்கள், அதன் ரேடியோ வெடிப்புகளும் நிறமாலை மாற்றங்களும் அதற்குச் சாதகம். நிறை அளந்து முடிக்கும்வரை நான் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத்தான் வைப்பேன், நாளைக்கே ஒரு துடிப்பு கிடைத்தால் நிறைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.